ரஷ்யன் டாய்: வாங்குவதற்கு முன்னும் வளர்க்கும்போதும் தெரிந்திருக்க வேண்டியவை

ரஷ்யன் டாய் குட்டியைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது, "இது இன்னும் வளருமா?" பெரிதாக வளராது. முழுதாக வளர்ந்த நாய்க்கே தோள் உயரம் 20 முதல் 28 சென்டிமீட்டர்தான், எடை 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த இனத்துக்கான வரையறை. அதைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இதன் தலைக்குள் ஓடுவது எலி பிடிக்கப் பழக்கப்பட்ட டெரியரின் புத்தி, ஆனால் உடம்போ சோபாவிலிருந்து தப்பாகக் குதித்தால் முன்னங்கால் எலும்பு முறிந்துவிடுகிற உடம்பு. பொம்மை மாதிரி வைத்துக்கொண்டால் குணம் கெடும், பெரிய நாய் மாதிரி விட்டுவிட்டால் உடம்பு கெடும். வளர்ப்பில் நாம் செய்ய வேண்டிய எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது

இங்கிலாந்து டாய் டெரியர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பிரபுக்கள் வீடுகளில் நல்ல மவுசு. 1907இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த நாய்க் கண்காட்சியில்கூட இவை வந்திருக்கின்றன. 1917 புரட்சிக்குப் பிறகு நிலைமை தலைகீழானது, 1920கள் தொடங்கி 1950கள் வரை தூய இனப்பெருக்கம் கிட்டத்தட்ட நின்றேபோனது. மீண்டும் ஆரம்பித்தபோது கைக்குக் கிடைத்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வம்சாவளிச் சான்றே கிடையாது, சில கலப்பும்கூட. வெளிநாட்டிலிருந்து புதிதாக நாய் கொண்டுவரவும் வழியில்லாத காலம் அது. இருப்பதை வைத்தே தேர்ந்தெடுத்து வளர்த்ததில், ஆங்கில டாய் டெரியரிலிருந்து விலகிய ஒரு தனி நாய் உருவாகிவிட்டது.

நீளமுடி வகைக்கு ஒரு பிறந்தநாளே உண்டு. 1958 அக்டோபர் 12 அன்று மாஸ்கோவில், குட்டைமுடி பெற்றோருக்குக் காதிலும் காலிலும் நீண்ட முடி தொங்குகிற ஓர் ஆண் குட்டி பிறந்தது. பெற்றோரில் ஒன்றுக்கு மட்டும் முடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். சிக்கி என்று பெயர் வைத்த அந்தக் குட்டியை, அதேபோல் முடி சற்று நீண்டிருந்த இர்மா என்ற பெண் நாயோடு சேர்த்துத்தான் நீளமுடி வகை தொடங்கியது. இதற்குப் பின்னால் இருந்தவர் மாஸ்கோவைச் சேர்ந்த எவ்கேனியா ஷாரோவா. எஃப்.சி.ஐ. என்கிற சர்வதேச நாய்க் கூட்டமைப்பு இந்த இனத்தை 2006இல் தற்காலிகமாகவும் 2017இல் நிரந்தரமாகவும் ஏற்றுக்கொண்டது, அமெரிக்கன் கென்னல் கிளப் 2022இல் சேர்த்தது. அதிகாரபூர்வப் பெயரில் இப்போது டெரியர் கிடையாது. பெயரை மாற்றியதால் நாய் மாறிவிடவில்லை என்பது வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

குணம் எப்படி

முதலில் குரைப்பு. வாசலில் காலடி, எதிர் வீட்டுக் கதவு, ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை, எல்லாவற்றுக்கும் ஓர் அறிவிப்பு வரும். அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு அது சும்மா இருக்குமென்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. குறைக்க முடியும், அறவே நிறுத்த முடியாது. சுவர் ஒட்டிய வீடு, அக்கம்பக்கத்தாரோடு ஏற்கெனவே உரசல் என்றால் வேறு இனத்தை யோசிப்பது நல்லது.

அடுத்தது ஒட்டுதல். வீட்டில் எல்லோரிடமும் பாசமாக இருக்கும், ஆனால் ஒருவரைத் தன்னுடையவர் என்று முடிவு செய்துகொண்டு அவர் காலடியிலேயே சுற்றும், அவர் போர்வைக்குள் புகுந்துதான் தூங்கும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இதே ஒட்டுதல்தான் தனியாக விட்டால் ஊளையிடுவது, கதவைப் பிராண்டுவது, வீட்டுக்குள் சிறுநீர் போவது என்று மாறும். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு இதற்குச் சரிப்படாது. முதல் வாரத்திலிருந்தே இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியாக இருக்கப் பழக்குங்கள். போகும்போது விடைபெறும் சடங்கெல்லாம் வேண்டாம், திரும்பி வந்ததும் தூக்கி வைத்துக் கொஞ்சுவதும் வேண்டாம், அது கொஞ்சம் அடங்கிய பிறகு பேசலாம்.

பயம் என்பது இதற்கு ஒரு விசித்திரமான விஷயம். பிரஷர் குக்கர் விசிலுக்கு நடுங்குகிற அதே நாய், தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நாயைப் பார்த்தால் மார்பை நிமிர்த்திக்கொண்டு போகும். பெரிய நாய் விளையாட்டாகக் காலை வைத்தாலே இதற்கு விலா எலும்பு போய்விடும், சண்டையென்றால் கேட்கவே வேண்டாம். நட்பாகப் பழகிய பெரிய நாயானாலும் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். வேட்டை புத்தியும் அப்படியே இருக்கிறது, அணிலைப் பார்த்தால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. அதனால் வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பது என்ற பேச்சே வேண்டாம். கூண்டில் எலி, முயல், பறவை வளர்ப்பவர்கள் இந்த இனத்தைத் தவிர்ப்பதே மேல்.

நடுக்கத்தைப் பற்றி எல்லோரும் பதறுகிறார்கள். குளிர், உற்சாகம், பயம், பசி, வலி எல்லாவற்றுக்கும் நடுங்கும் என்பதால் நடுக்கத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, கூட என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டு நடுங்கினால் உற்சாகம், உடம்பைச் சுருட்டிக்கொண்டால் குளிர், காதைப் பின்னால் மடித்து ஒதுங்கினால் பயம். சாப்பிட மறுக்கிறது, முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது, தொட்டால் கத்துகிறது என்றால் வலி. தள்ளாடிக்கொண்டே நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஐந்தாறு வயதுக்கும் குறைவான குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை வாங்க வேண்டாம் என்பேன். நாய் கடிக்கும் என்பதைவிடக் குழந்தை கையிலிருந்து நாய் விழும் என்பதுதான் காரணம். வயதானவர்களுக்கு அருமையான துணை, ஆனால் காலுக்கடியிலேயே சுற்றுகிற நாய் என்பதால் தடுக்கி விழாமல் இருக்க ஒரு சின்ன மணி கட்டிவிடுங்கள், இடம் தெரியும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி வேண்டாம். இவ்வளவு சின்ன இனத்தில் பத்து, பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருந்தால் இன்னும் நல்லது, கடியின் அளவையும் மற்ற நாய்களோடு பழகும் முறையையும் கூடப்பிறந்தவைதான் கற்றுக்கொடுக்கும். தாயை நேரில் பாருங்கள். அது உங்களைப் பார்த்து இரண்டு குரைப்பு குரைத்துவிட்டு மோப்பம் பிடிக்க வந்தால் சரி, மூலையில் ஒளிந்துகொண்டு உறுமினால் யோசியுங்கள், பயந்த சுபாவம் குட்டிக்கும் வரும்.

"டீ கப்", "மினி" என்று சொல்லி ஒன்றரை கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும் என்று விற்பார்கள். அப்படி ஒரு தனி வகை கிடையாது. அளவுக்கு மீறிச் சின்னதாக இருக்கிற குட்டி என்றால் சத்துக் குறைவு, பிறவிக் கோளாறு, அல்லது வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள், இதில் ஏதோ ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது என்னால் புரிந்துகொள்ள முடியாத விஷயம்.

குட்டியின் தலை உச்சியை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கைக்குழந்தைக்கு இருப்பதுபோல் உச்சிக்குழி மூடாமல் மென்மையாக இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் முடிவெடுக்க வேண்டாம். நடக்க விட்டுப் பாருங்கள், பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா என்று. பெற்றோருக்கு முழங்கால் சில்லுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், நல்ல பிரீடர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

முடியைப் பொறுத்தவரை இரண்டு வகை. குட்டைமுடிக்குப் பராமரிப்பே இல்லை என்று சொல்லலாம். நீளமுடிக்குக் காதிலிருந்து தொங்குகிற குஞ்சம்தான் அழகு, ஆனால் அது முழுதாக வளரக் கிட்டத்தட்ட மூன்று வயது ஆகும் என்பதால் குட்டியின் காதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கறுப்பு, பழுப்பு, சாம்பல்நீலம், இவற்றில் ஏதாவது ஒன்றோடு செம்பழுப்புப் பொட்டுகள், இல்லையென்றால் பல சாயல்களில் சிவப்பு, இவைதான் நிறங்கள். சாம்பல்நீலத்தில் சில நாய்களுக்கு வளர வளர முதுகில் முடி மெலிந்து உதிர்கிற பரம்பரைக் கோளாறு வரும், குணப்படுத்த முடியாது. எனவே அந்த நிறம் என்றால் பெற்றோரின் முதுகையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டை மாற்ற வேண்டியிருக்கும்

இந்த நாய்க்கு வருகிற விபத்துகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே நடப்பவை. முன்னங்காலின் இரண்டு எலும்புகளும் பென்சிலைவிட மெலிசு, மணிக்கட்டுக்கு மேலே ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் முறிந்தால் சேர நாளாகும். வெறும் மாவுக்கட்டு பல நேரம் போதாது, தகடு வைத்து அறுவை சிகிச்சைதான். அந்தச் செலவையும் வேதனையையும் ஒரு சின்னப் படிக்கட்டு தடுக்கும். கட்டில், சோபா இரண்டின் பக்கத்திலும் வழுக்காத படியோ சாய்தளமோ வையுங்கள், குட்டியாக இருக்கும்போதே அதில் ஏறி இறங்கப் பழக்குங்கள். வழவழப்பான தரையில் அது வழக்கமாக ஓடுகிற பாதையில் மிதியடி போடுங்கள். பால்கனிக் கம்பி இடைவெளி, மாடிப்படி, கதவிடுக்கு, மூன்றும் கவனிக்க வேண்டியவை. நாற்காலியில் உட்கார்வதற்கு முன்னும், போர்வையை உதறுவதற்கு முன்னும் ஒரு தடவை பார்ப்பது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும், விருந்தாளிக்கும் சொல்லிவிடுங்கள்.

தூக்கும் முறை: ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில், உடம்போடு அணைத்தபடி. முன்னங்கால்களைப் பிடித்தோ அக்குளில் கையைக் கொடுத்தோ தூக்கக் கூடாது. இறக்கும்போது நாலு காலும் தரையைத் தொட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும், கடைசி நொடியில் துள்ளுவது இதன் பழக்கம். இன்னொன்று, தூக்குவதற்கு முன் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தூக்குங்கள், "தூக்கு" என்றே சொல்லலாம். மேலேயிருந்து திடீரென்று ஒரு கை வந்து தன்னை அள்ளிக்கொண்டு போவதை எந்தப் பிராணியும் விரும்பாது. அப்படி அள்ளப்பட்டு அள்ளப்பட்டுத்தான் பல சின்ன நாய்கள் கையைப் பார்த்தாலே உறும ஆரம்பிக்கின்றன. அப்புறம் உறுமலுக்கு அடிக்காதீர்கள். அடித்தால் உறுமலை விட்டுவிட்டு எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

சாப்பாடும் சர்க்கரையும்

இரண்டு கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 190 கிலோகலோரி போதும். இந்தக் கணக்கை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நீங்கள் பாசமாகக் கொடுக்கிற ஒரே ஒரு சீஸ் துண்டு அதன் நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு. 200 கிராம் எடை கூடுவது நம் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அதற்கோ பத்து சதவீதம், அத்தனையும் அந்த மெலிந்த முழங்கால்கள் மேல் ஏறும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்துக் குறித்து வையுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கிற தின்பண்டம் உங்கள் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருந்தால் போதும், நாய் அளவை எண்ணுவதில்லை, எத்தனை தடவை கிடைத்தது என்றுதான் எண்ணுகிறது.

சின்ன இனத்துக்கென்று செய்த நல்ல உலர் உணவு என்றால் வேலை சுலபம். வீட்டில் சமைத்துத்தான் போடுவேன் என்றால் கால்நடை மருத்துவரிடம் சத்துக் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள், வெறும் கறியும் சோறும் போட்டால் கால்சியம் போதாது, குட்டிக்கு எலும்பு வளைந்துவிடும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம், சமைத்த எலும்பு எதுவும் ஆகாது. பெரிய நாய் தின்றுவிட்டுச் சமாளிக்கிற அளவே இதற்கு ஆபத்தான அளவு. நமக்கான வலி மாத்திரைகளும் அப்படித்தான், ஒரு ஐபுப்ரோஃபென் மாத்திரை தரையில் விழுந்தால் தேடி எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

குட்டிகளுக்கு உண்மையான அவசரம் என்றால் அது ரத்தச் சர்க்கரை இறங்குவது. கல்லீரலில் சேமிப்பு குறைவு, எரிப்பது அதிகம் என்பதால் ஒரு வேளை சாப்பிடாமல் விளையாடிக்கொண்டே இருந்தால்கூட இறங்கிவிடும். அறிகுறி: திடீர்ச் சோர்வு, குடிகாரன் மாதிரித் தள்ளாட்டம், நடுக்கம், வெளிறிய ஈறு, முற்றினால் வலிப்பு. உடனே ஈறிலும் நாக்கிலும் கொஞ்சம் தேனோ சர்க்கரைப் பாகோ தடவுங்கள். மயங்கிக் கிடக்கிற குட்டியின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். துணியில் சுற்றி வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள், தேன் தடவியதும் எழுந்து ஓடினாலும் காட்டிவிடுவது நல்லது. வராமல் தடுக்க நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்கப்புறம் இரண்டு வேளை. புதிய வீட்டுக்கு வந்த முதல் சில நாள் குட்டி பயத்தில் சாப்பிடாது, அந்த நாட்களில்தான் கண் வைத்துப் பார்க்க வேண்டும்.

பழக்கங்கள்

சிறுநீர் விஷயத்தில் சின்ன இனங்களுக்குக் கெட்ட பெயர். பாதி காரணம் சின்ன சிறுநீர்ப்பை, மீதிப் பாதி, ஒரு ஸ்பூன் அளவுதானே என்று நாம் துடைத்துவிட்டுப் போய்விடுவது. மூன்று மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதன் இடத்துக்குக் கொண்டுபோங்கள், போனதும் அங்கேயே, அந்த நொடியே பரிசு. இந்த இனத்துக்கு வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள் சிறுநீரை உறிஞ்சும் ஒரு பேட் வைத்திருப்பதில் தப்பே இல்லை, மழையிலும் குளிரிலும் வெளியே போக மறுக்கும் நாய் இது. தப்பான இடத்தில் போனால் திட்டி மூக்கைத் தேய்ப்பதெல்லாம் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொடுக்கும். என்சைம் கலந்த சுத்திகரிப்பான் போட்டுத் துடையுங்கள், வாடை மிஞ்சினால் திரும்பவும் அங்கேதான்.

மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலு வாரம் வரைக்கும் குட்டி எதையெல்லாம் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ அதெல்லாம் பிற்பாடு அதற்குச் சாதாரணம். தடுப்பூசி முடியவில்லையே என்று பலர் இந்தக் காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கிறார்கள், அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் குரைக்கிறதே என்று வருந்துகிறார்கள். இந்த அளவு நாயில் ஒரு வசதி, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். தரையில் விடாமல் வண்டிச் சத்தம், தொப்பிக்காரர், குடை, தாடிக்காரர், குழந்தைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். அது தானாக மோப்பம் பிடிக்க முன்வந்தால் சரி, யார் கையிலும் திணிக்காதீர்கள்.

குரைப்புக்கு வருவோம். நீங்கள் கத்தினால் நாயும் கூடச் சேர்ந்து கத்தும், அவ்வளவுதான் நடக்கும். இரண்டு குரைப்பு அனுமதி, அப்புறம் அமைதியான குரலில் "போதும்" சொல்லி உங்களிடம் கூப்பிடுங்கள், வாயை மூடிய அந்த ஓரிரு நொடிக்குள் தின்பண்டம். முதலில் ஒரு நொடி அமைதிக்கு, பிறகு மூன்று, பிறகு பத்து. குரைக்கும்போது மடியில் தூக்கி வைத்துத் தட்டிக்கொடுத்தால் நல்ல வேலை செய்தோம் என்று எடுத்துக்கொள்ளும். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே பாதிக் குரைப்பு போய்விடும், இதைச் செய்யாமல் பயிற்சி மட்டும் கொடுப்பது வீண் சிரமம்.

உட்கார், வா, விடு, இரு, இந்த நாலும் போதும் ஆரம்பத்துக்கு. இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை. புத்திசாலி நாய், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் அலுத்தும் போகும். தின்பண்டத்தை ஒரு துணிக்குள் சுருட்டி ஒளித்துவைத்துத் தேட விடுங்கள், மூக்குக்கு வேலை கொடுத்தால் அரை மணி நேர நடையைவிடக் களைத்துத் தூங்கும்.

நடைக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான். இந்த அளவு நாய்களின் மூச்சுக்குழாய் குருத்தெலும்பு பலவீனமானது, கழுத்தில் இழுபட இழுபட நசுங்கி, வாத்து கத்துவதுபோல் ஓர் இருமல் வரும். தினமும் இருபது, முப்பது நிமிடம் இரண்டு தடவையாகப் பிரித்து நடந்தால் போதும். உடம்பில் கொழுப்பே கிடையாது, குட்டைமுடி வகைக்கு அடியில் பஞ்சு முடியும் இல்லை, எனவே குளிரில் ஸ்வெட்டர் போடுவது அலங்காரம் ஆகாது, அவசியம். வெயிலில் தரையை உங்கள் புறங்கையால் ஐந்து நொடி தொட்டுப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

பல், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

என்னைக் கேட்டால் இந்த இனத்தின் ஆரோக்கியத்தில் பாதி பல்தான் என்பேன். வளர்ந்த எல்லா நாய்க்கும் 42 பல், பெரிய நாயானாலும் சரி, உள்ளங்கையளவு தாடையுள்ள இதற்கும் சரி. நெருக்கி முளைப்பதால் இடுக்கில் உணவு தங்கும், காரை கட்டும், ஈறு அழுகும், எலும்பு அரிக்கும். அரித்த தாடை ஒரு சின்ன மோதலுக்கே முறிகிற கதையும் சின்ன நாய்களில் உண்டு.

பிரச்சினை பால் பல்லிலேயே ஆரம்பிக்கிறது. நாலாவது மாதம் வாக்கில் 28 பால் பற்களும் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்து ஆறு, ஏழு மாதத்தில் முடிய வேண்டும். இந்த இனத்தில் பல நேரம் புதுக் கோரைப்பல் முளைத்து வெளியே வந்த பிறகும் பழையது ஆடாமல் நிற்கும், ஒரே இடத்தில் இரண்டு பல், புதுப் பல் கோணலாகப் போகும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வீட்டில் ஆட்டிப் பிடுங்க வேண்டாம், அதன் வேர் நீளமாகவும் மெலிசாகவும் இருக்கும், உள்ளேயே உடைந்துவிடும். கருத்தடை அறுவை சிகிச்சை அந்த வயதில் செய்வதாக இருந்தால் அதே மயக்கத்திலேயே நிற்கிற பால் பல்லையும் எடுக்கச் சொல்லலாம், இரண்டு தடவை மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயம், பல் மாறுகிற நேரத்தில் நிமிர்ந்திருந்த காது மறுபடி தொங்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே நிமிரும்.

தேய்க்கப் பழக்குவது இப்படி: முதல் சில நாள் விரலை உதட்டுக்குள் விட்டு வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள். பிறகு விரலில் துணி சுற்றி, நாய்களுக்கான பேஸ்ட் தொட்டு. பிறகு கைக்குழந்தைக்கான மென்மையான பிரஷ். நம் பேஸ்ட் கூடாது, அதற்குத் துப்பத் தெரியாது. தினமும் செய்தால்தான் பலன், காரை இறுகிவிட்டால் பிரஷ் அதை ஒன்றும் செய்யாது. மயக்க மருந்து இல்லாமலே பல் சுத்தம் செய்து தருகிறோம் என்று சொல்கிற இடங்களில் பல் வெளியே பளிச்சென்று ஆகும், நோய் இருக்கிற ஈறுக்கு அடிப்பகுதி அப்படியே இருக்கும். கடிக்கக் கொடுக்கிற எதையும் உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாத அளவு கெட்டியானால் அது பல்லை உடைக்கும்.

மற்ற பராமரிப்பு

நகம்: எடையே இல்லாத நாய் என்பதால் நடந்து நடந்து நகம் தேயாது, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். கறுப்பு நகத்தில் ரத்தக் குழாய் தெரியாது, மெலிதாகச் சீவிக்கொண்டே வந்து வெட்டுப்பரப்பின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். குளியல் மாதம் ஒருமுறை போதும், வெதுவெதுப்பான நீர், உடனே ஈரம் போகத் துடைப்பது. நீளமுடிக்கு வாரம் இரண்டு மூன்று முறை சீப்பு, காதுக் குஞ்சத்தின் அடியிலும் அக்குளிலும்தான் முடிச்சு விழும். கண் பெரிதாகத் துருத்தி நிற்பதால் செடிகொடியில் சீக்கிரம் கீறல் படும், ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே காட்டுங்கள்.

டாக்டரிடம் போகும்போது

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை சில வார இடைவெளிகளில் போகும், வெறிநோய்த் தடுப்பூசி சட்டம் சொல்கிற வயதில். ஒரே நாளில் பல ஊசி போட்டால் சின்ன நாய்களுக்கு ஒவ்வாமை வருகிற வாய்ப்பு கூடுதல், பிரித்துப் போட முடியுமா என்று கேளுங்கள், போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உண்ணி மருந்து, குடற்புழு மருந்து எல்லாவற்றிலும் எடை வரம்பு அச்சிட்டிருக்கும். பெரிய நாய்க்கான மாத்திரையைக் கையால் உடைத்துக் கண்ணளவில் கொடுப்பது இந்த எடையில் விளையாட்டல்ல. மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால் அன்று காலையில் எடை போடச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் வெறும் வயிறாக இருக்கலாம், உடம்பு சூடு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், இந்த இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், இவ்வளவு சின்ன உடம்பு மயக்கத்தில் மளமளவென்று குளிர்ந்துவிடும்.

ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒரு பின்னங்காலை மடித்துக்கொண்டு மூன்று காலில் நாலு தத்தல் தத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறதா? முழங்கால் சில்லு நழுவுகிறது. ஒன்றிலிருந்து நாலு வரை நிலைகள் உண்டு, முதல் நிலையில் எடையைக் கட்டுக்குள் வைத்துக் குதிப்பதைத் தடுத்தால் பல நாய்கள் காலம் முழுக்கச் சமாளித்துக்கொள்ளும், மேல் நிலைகளுக்கு அறுவை சிகிச்சை. வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவர் முன்னால் போய் நின்றதும் நாய் ஒழுங்காகத்தான் நடக்கும்.

பன்னிரண்டு வயதைத் தாண்டி வாழ்வது இந்த இனத்தில் சாதாரணம். எட்டு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. சின்ன நாய்களுக்கு முதுமையில் இதய வால்வு தளர்வது அடிக்கடி நடப்பது, ஸ்டெதஸ்கோப்பில் ஒரு கூடுதல் சத்தமாகத்தான் முதலில் தெரியவரும், வெளியே எதுவும் தெரியாது. மருத்துவர் அப்படி ஒரு சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டால், வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது மூச்சை எண்ணுவது. நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், வாரம் இரண்டு தடவை எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. சிறிது நேரம் விட்டு மறுபடி எண்ணியும் அதைத் தாண்டினால், இருமலோ சோர்வோ கூட இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.